ஐம்பது வோல்ட்டைத் தேடிப் பிடித்த கதை

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நான் ஜெயித்த கதை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் சொல்ல மாட்டேன். டிப்ளமோ முடித்து ஒரு மின் ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தேன், சூப்பர்வைசர் ஆனேன், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் போய் வந்தே உத்தியோகத்தைக் கழித்தேன், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். சைட்டில் 'சரோஜாக்கா வர்றாங்கடா' என்று யாராவது சொன்னால் கையில் இருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். அப்படியொரு வாய் எனக்கு.

கணக்கு உங்கள் எல்லோருக்கும் தெரியும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள், போனில் தட்டினால் விடையும் வந்துவிடும். சந்தோஷம். ஆனால் அந்த வோல்ட்டை எங்கே வைத்து எடுத்தாய், எந்த நேரத்தில் எடுத்தாய் என்று போன் கேட்காது. நான் கேட்பேன். கேட்டுக் கேட்டு உங்கள் உயிரை வாங்குவேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கதை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. மழைக்காலம். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேனல் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா போன் செய்தாள். அவளுடைய அக்கா என்னிடம் வேலை பார்த்தவள், அந்தப் பழக்கம். ஸ்டெல்லா விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமம். அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், ஊர் மகளிர் குழு நாட்டுக்கோழி முட்டையைக் குஞ்சு பொரிக்க ஒரு மெஷின் வாங்கியதும் அதைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வந்துவிட்டாள். எப்போது பேசினாலும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், அன்றைக்கு அழுதாள்.

"அக்கா, மெஷின்ல சூடு எறங்கிக்கினே போவுதுக்கா. கம்பெனிக்காரரு வந்து பாத்துட்டு ஹீட்டரு போச்சுன்றாரு. புது ஹீட்டரு வர நாளாவுமாம். வேனு வரச் சொல்லிட்டாங்கக்கா."

"வேன் எதுக்குடி?"

"முட்டைய திண்டிவனத்துல வேற ஒரு மெஷினுக்கு ஏத்திக்கினு போறாங்களாம். குஞ்சு வெளிய வர இன்னும் ரெண்டு நாளுதான்கா. இப்ப போயி ரோட்ல குலுக்கினா உள்ளாறயே செத்துடும்கா."

அவள் அழுததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மெஷினில் இருந்த முட்டை கடையில் வாங்கியது இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு கோழியை அடை வைக்காமல், அவளை நம்பிக் கொடுத்த முட்டை. ஒவ்வொன்றின் மேலும் அந்த வீட்டின் முதலெழுத்தைப் பென்சிலால் எழுதித்தான் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய தடவை, மழை தொடங்கிய சமயம், பாதி முட்டை பொரியவில்லை. 'ஸ்டெல்லா தூங்கிட்டா, பாக்கலை' என்று ஊரே பேசியது. இந்தத் தடவையும் போனால் மெஷினை மூடிவிடுவதாகக் குழுவில் முடிவாகியிருந்தது. மெஷின் மூடினால் அவள் மறுபடி களை எடுக்கப் போக வேண்டியதுதான்.

மண்டப வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். டோல்கேட்டுக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பின்கதவைத் திறந்து வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். தூறல். தெரு முழுக்க மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வறுக்கிற வாசம். மழை நாளில் யார் வீட்டிலோ சட்டியைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மதியம் சாப்பிடாமல் வந்ததால் வயிறு வேறு கூவியது.

மெஷின் இருந்த இடம் ஒரு பழைய மல்லாட்டை குடோன். ஒரு பக்கம் பீரோ மாதிரி மெஷின், முன்னால் கண்ணாடிக் கதவு. மறுபக்கச் சுவரை ஒட்டி, விற்காத மூட்டைகள் இன்னமும் அடுக்கியிருந்தன. ஸ்டெல்லா மெஷின் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள். குழுத் தலைவி வள்ளி அவளுக்கு நேரே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நவுருடி! நீ மறச்சிக்கினு நின்னா முட்டைக்கு சூடு வந்துடுமா? நாளைக்கு வூட்டுக்கு வூடு நான் பதில் சொல்லணும்!"

வள்ளியைத் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தப் பயம் இருக்கத்தானே செய்யும்? மூன்றாவதாக அங்கே இருந்தவர் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் பிரவீன். காலையிலேயே மழையில் பைக்கில் வந்தவர், ஈரச் சட்டையோடு நின்றார். வந்தோமா, பார்த்தோமா, போனோமா என்று போகாமல் கடைசிவரை கூட இருந்த ஆள். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எப்படி தம்பி ஹீட்டர் போச்சுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

தெளிவாகச் சொன்னார். ஹீட்டரில் எழுதியிருப்பது ஆயிரம் வாட். இருநூற்று முப்பது வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே எடுக்க வேண்டும். அப்படியென்றால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஐம்பத்து மூன்று ஓம். ஆனால் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் மூன்று புள்ளி நான்கு ஆம்பியர்தான் ஓடுகிறது. "சப்ளை எரநூத்தி முப்பது இருக்கு மேடம். முப்பதை, சாரி, எரநூத்தி முப்பதை மூணு புள்ளி நாலால வகுத்தா அறுபத்தெட்டு ஓம் வருது. ரெசிஸ்டன்ஸ் ஏறிடுச்சு. எலிமெண்ட் தேஞ்சுபோச்சு. அதான் சூடு பத்தலை."

கணக்கில் ஒரு குறையும் இல்லை. வகுத்தது சரி. விடையும் சரி. கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு இடத்தில் இடித்தது.

"அந்த எரநூத்தி முப்பது எங்க எடுத்தீங்க தம்பி?"

"ஹீட்டர் ப்ளக்ல மேடம்."

"ப்ளக் சொருகியிருக்கும்போதா, உருவிட்டா?"

"உருவிட்டுத்தான் மேடம். சொருகியிருந்தா மீட்டர் முள்ள எங்க வைக்கிறது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. ப்ளக்கை உருவுவோம், காலி சாக்கெட்டில் மீட்டரை வைப்போம், அல்லது டெஸ்ட் லேம்ப்பை வைப்போம். பல்ப் பளிச்சென்று எரியும். 'சப்ளை நல்லா வருதுப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அன்றைக்குக் காலையில் உள்ளூர் வயர்மேனும் அதைத்தான் செய்துவிட்டுப் போயிருந்தார். காலி சாக்கெட் எப்போதும் நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கும். பளுவை ஏற்றினால்தான் அதன் யோக்கியதை தெரியும். பிரவீன் எடுத்த வோல்ட் ஹீட்டர் ஓடாதபோது எடுத்தது. ஆம்பியர் ஹீட்டர் ஓடும்போது எடுத்தது. வேறு வேறு நேரத்தில் எடுத்த இரண்டையும் சேர்த்து வகுத்திருந்தார்.

"வள்ளியக்கா, வேன் கொஞ்சம் நிக்கட்டும்," என்றேன்.

"நீங்க யாரும்மா? ஒவ்வொருத்தரா வந்து பாத்துக்கினே இருந்தீங்கன்னா முட்ட வெந்து போ… இல்ல, வெறச்சுப் போவும்!"

"நான் சரோஜா. பத்து நிமிஷம் குடுங்க. தப்பா இருந்தா நானே தட்டைத் தூக்கி வேன்ல வைக்கிறேன்."

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே நிச்சயமில்லை. வாய்ப்பேச்சு பேசிவிட்டேன், ஹீட்டர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷமும் முட்டைக்கு நஷ்டம்.

மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையுறை போட்டுக்கொண்டு, அதன் இரண்டு முனையிலும் பிரவீன் மீட்டரை வைத்தார். எண்ணைப் பார்த்தார். முள்ளை எடுத்து மறுபடி வைத்தார்.

"நூத்தி எம்பது மேடம்! நூத்தி எம்பதுதான் வருது!"

"இப்ப வகுங்க."

அவர் போனைக்கூட எடுக்கவில்லை, வாயிலேயே போட்டார். நூற்றெண்பதை மூன்று புள்ளி நான்கால் வகுத்தால் ஐம்பத்து மூன்று ஓம். ஹீட்டர் கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு என்ன இருந்ததோ, அதே ஐம்பத்து மூன்று. அந்த மனிதரின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஹீட்டர் நல்லா இருக்கு! அக்கா, ஹீட்டருக்கு ஒன்னும் ஆவலை!" என்று ஸ்டெல்லாவைப் பார்த்துக் கத்தினார். மேடம் என்கிற மரியாதையெல்லாம் போய் எல்லோரும் அக்கா ஆகிவிட்டோம்.

"அப்புறம் ஏன் சூடு வரலை?" என்றார் வள்ளி. நியாயமான கேள்வி.

அதற்கும் கணக்கிலேயே பதில் இருந்தது. நூற்றெண்பதையும் மூன்று புள்ளி நான்கையும் பெருக்கினால் அறுநூற்றுப் பன்னிரண்டு வாட். ஆயிரம் வாட் கொடுக்க வேண்டிய ஹீட்டர் அறுநூறு சொச்சம்தான் கொடுக்கிறது. பாவம், அது என்ன செய்யும்? சாப்பாடு போடாமல் மூட்டை தூக்கச் சொன்னால் யாரால் முடியும்? வெயில் காலத்தில் அந்த அறுநூறே போதுமாக இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. மழை வந்து ஊர் குளிர்ந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஆனால் நான் அதோடு சந்தோஷப்படவில்லை. மெயின் போர்டிலும் ஹீட்டர் ஓடும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தோம், அங்கே இருநூற்று முப்பது புறப்படுகிறது. ஹீட்டருக்கு நூற்றெண்பது வந்து சேருகிறது. நடுவில் ஐம்பது வோல்ட்டைக் காணோம். வோல்ட் காணாமல் போனால் ஆவியாகிப் போகாது. அதே மூன்று புள்ளி நான்கு ஆம்பியர்தான் வழி நெடுக ஓடுகிறது. ஐம்பதையும் அதையும் பெருக்கிப் பார்த்தேன். நூற்றெழுபது வாட். நூற்றெழுபது வாட் சூடு இந்தக் குடோனுக்குள் எங்கேயோ ஓரிடத்தில் உட்கார்ந்து எரிந்துகொண்டிருக்கிறது.

வயர் போகிற வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். போர்டிலிருந்து சுவரோடு இறங்கி, அடுக்கி வைத்த மூட்டைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. அப்போதுதான் எனக்கு அந்த வாசம் உறைத்தது. மல்லாட்டை வறுக்கிற வாசம். தெருவைவிட உள்ளே அதிகமாக இருந்தது.

"ஸ்டெல்லா, இந்த வாசம் எப்பலேந்து வருது?"

"காலையிலேந்துக்கா. எதுத்த வூட்ல வறுக்கறாங்கன்னு நெனச்சேன்."

"எதுத்த வூட்டுக்காரி நான்தான்," என்றார் வாசலில் நின்ற ஒரு அம்மா. "நான் உன் வூட்ல வறுக்கறாங்கன்னு இல்ல நெனச்சேன்?"

"ஹீட்டரை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

உங்களுக்கே கேட்க எப்படி இருக்கிறது? சூடு போதவில்லை என்று ஊரே தவிக்கிறது, நான் இருக்கிற சூட்டையும் நிறுத்தச் சொல்கிறேன். வள்ளி பாய்ந்து வந்து சுவிட்சை மறைத்துக்கொண்டார். "உனுக்கு புத்தி கெட்டுப்போச்சா? கொஞ்சமா இருக்கிற சூட்டையும் புடுங்கப் பாக்கற! இத்தோட முட்ட காலி!"

"அக்கா, மூட்டைக்குப் பின்னாடி நெருப்பு புடிக்கப் போவுது. முட்டையும் போவும், குடோனும் போவும்."

விளக்கிச் சொல்ல நேரமில்லை. வள்ளி நகரவில்லை. ஸ்டெல்லாதான் நகர்ந்தாள். இத்தனை நேரம் மெஷின் கதவை விட்டு அசையாதவள், வந்து வள்ளியின் தோளைத் தொட்டு, "ஏதாவது ஆச்சுன்னா என்ன கேளுக்கா," என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே சுவிட்சை நிறுத்தினாள். என் வேலைக் காலத்தில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். கம்பத்தின் உச்சியில் நின்று வேலை பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டெல்லா அந்த சுவிட்சைத் தொட்டதற்கு எதுவும் ஈடில்லை.

மூட்டையை இழுத்தோம். வேன் டிரைவரும் வந்து கை கொடுத்தார். மூன்றாவது மூட்டையின் மூலை கருகியிருந்தது. தொட முடியவில்லை. சுவரில் ஒரு ஜாயிண்ட். மெஷின் வந்தபோது பழைய ஃபேன் லைனிலிருந்து இழுத்து, இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். நமக்கெல்லாம் கைவந்த முறுக்கு. டேப் உருகி ஒழுகி, உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. காணாமல் போன ஐம்பது வோல்ட் இந்த முறுக்கில்தான் சூடாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வள்ளி கருகிய சாக்குக்குள் கையை விட்டு ஒரு மல்லாட்டையை எடுத்தார். உடைத்தார். வாயில் போட்டார்.

"பக்குவமாத்தான் வறுத்துக்கீது," என்றார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் பாருங்கள் அந்த அம்மாவின் வேகத்தை! "ஸ்டெல்லா, மெஷின் ஆறக்கூடாதில்ல? கரண்ட் போனா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். மூடி போட்ட சொம்பில் வெந்நீரை ஊற்றி, துணியைச் சுற்றி, மெஷினின் அடித்தட்டில் வைப்பேன் என்றாள் ஸ்டெல்லா. வள்ளி தெருவில் இறங்கினார். "ஏய், யாரார் வூட்ல அடுப்பு எரியுது? சுடுதண்ணி போடுங்க, ஜல்தி!" என்று அவர் போட்ட குரல் டோல்கேட் வரைக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வீடு சொம்பும் தூக்குமாகப் பெண்கள் தூறலில் ஓடி வந்தார்கள். மெஷினைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்தினார்கள். முட்டை ஏற்றிப் போக வந்த வேன் விக்கிரவாண்டிக்குப் போய்த் தடிமனான செம்பு வயர் ஏற்றிக்கொண்டு வந்தது.

நானும் பிரவீனும் போர்டிலிருந்து மெஷின் வரைக்கும், நடுவில் ஒரு ஜாயிண்ட்கூட இல்லாமல், ஒரே வயராக இழுத்தோம். மூட்டைப் பக்கமே போகாமல் எதிர்ச் சுவரில் கொண்டுபோனோம். எனக்கு அப்போது முழங்கால் வலி. அன்றைக்கு மட்டும் ஏணியில் ஏறும்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை.

ஸ்டெல்லா சுவிட்சைப் போட்டாள். பிரவீன் ஒரு கையில் கிளாம்ப் மீட்டர், நான் ஹீட்டர் முனையில் இன்னொரு மீட்டர். ஒரே நேரம், ஒரே இடம்.

"எரநூத்தி இருபத்தெட்டு," என்றேன்.

"நாலு புள்ளி மூணு," என்றார்.

வகுத்தால் ஐம்பத்து மூன்று. மறுபடியும் அதே ஐம்பத்து மூன்று! பெருக்கினால் தொள்ளாயிரத்து எண்பது வாட். கொஞ்சம் முன்பு அறுநூற்றுப் பன்னிரண்டு கொடுத்த அதே ஹீட்டர், ஒரு திருகுகூட மாற்றவில்லை. வோல்ட் கால்வாசிக்கும் கீழேதான் குறைந்திருந்தது, ஆனால் ஆம்பியரும் கூடவே குறைந்ததால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே குறைந்துபோயிருந்தது. இதை எப்போதும் மறக்காதீர்கள். வோல்ட் சறுக்கினால் அது தனியாகச் சறுக்காது, ஆம்பியரையும் இழுத்துக்கொண்டுதான் விழும்.

கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் கூட்டமாக நின்று வெப்ப எண்ணைப் பார்த்தோம். முப்பத்தைந்தில் இருந்தது மெல்ல ஏறியது. முப்பத்தாறு. முப்பத்தேழு. ஹீட்டர் ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று மெஷினில் உண்டு. போதுமான சூடு வந்தால்தான் அது அணையும். காலையிலிருந்து அணையவே இல்லை. முப்பத்தேழரையில் டிக்கென்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது. எலக்ட்ரீஷியன் ஒருத்தி விளக்கு அணைந்ததற்குத் துள்ளிக் குதித்தது அன்றைக்குத்தான் நடந்திருக்கும். பிரவீன் விசில் அடித்தார். எதிர்வீட்டு அம்மா கைதட்டினார்.

வள்ளி ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "போன தடவையும் இந்தப் பேஜாருதான் இருந்திருக்கும் இல்ல? உன்ன தூங்கிட்டன்னு சொன்னனேடி. நான் சொன்னத மனசுல வெச்சுக்காத."

ஸ்டெல்லா வள்ளியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குத்தான் தெரியும், அந்தப் பேச்சை அவள் எப்படித் தாங்கினாள் என்று.

பிள்ளைகளே, பிரவீன் கெட்டிக்காரர். அவர் போட்ட அறுபத்தெட்டு ஓம் சரியான விடைதான். ஆனால் அப்படியொரு ஹீட்டர் உலகத்திலேயே கிடையாது. வகுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வோல்ட்டும் இந்த ஆம்பியரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பளு ஏறியிருக்கும்போது எடுத்ததா? இல்லையென்றால் பேனாவை மூடிவிடுங்கள். அப்புறம் குறைகிற வாட் எங்கே போனது என்று தேடுங்கள். கிடைக்கும்வரை வீட்டுக்குப் போகாதீர்கள். அதோடு மூக்கையும் வேலைக்கு எடுத்து வாருங்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஸ்டெல்லாவின் போன் வந்தது. எடுத்தேன். பேச்சே இல்லை. கீச் கீச் கீச் என்று ஒரே இரைச்சல். போனை மெஷினுக்குள் நீட்டியிருக்கிறாள், கழுதை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது இறங்கினேன். குடோனில் மூட்டைகள் இல்லை. கூடையும் கையுமாக ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்றார்கள், அடுத்த தடவைக்கு முட்டை கொடுக்க. வள்ளி முன்னால் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மெஷின் கதவைத் திறந்து காட்டினாள். தட்டில் வீட்டுக்கு ஒரு தடுப்பு. ஒவ்வொரு தடுப்பிலும் அந்தந்த வீட்டின் எழுத்து. நடுத்தட்டில் ஒரு வரிசை மட்டும், சின்னதும் பெரிதுமாக, வெள்ளையும் பழுப்புமாக, ஒரே வீட்டுக் கோழி போட்டது மாதிரி இல்லாத முட்டைகள். எல்லாவற்றிலும் 'ச' என்று எழுதியிருந்தது.

"இது எந்த வீடு?" என்று கேட்டேன்.

"எல்லா வூடும்," என்றார் வள்ளி. "ஆளுக்கு ஒன்னு. உனுக்கு."

குனிந்து அந்த 'ச'க்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, எண்ணிக்கினே நிக்கிற?"

"கதவ மூடுடி," என்றேன். "என் குஞ்சுங்களுக்கு சூடு போவுது."